முன்சீட்டுக்கு அடியில்

"யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க சார். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

பல் டாக்டர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னாள். டயர் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அறை முழுக்க ரப்பர் வாசனை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்து வண்டிகளைப் பார்த்தே தலை நரைத்தவர். அந்த வெளிநாட்டு நகரத்தில் நம் ஆட்கள் எல்லோருக்கும் அவர் சர்வேயர். நசுங்கின வண்டியைப் பார்த்தே ஓட்டினவன் எந்த இடத்தில் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவார் என்று அவருக்குப் பேர்.

"முதல்ல உட்காருங்க டாக்டர்," என்றார் அவர்.

ஜன்னலோரம் நின்றிருந்த அவர் மச்சினர் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அவர். வேலை இல்லாத நேரமெல்லாம் அத்தானோடு துப்புத் துலக்கக் கிளம்பிவிடுவது அவருக்குப் பழக்கம்.

டாக்டர் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். விஷயம் ஒரு கார். பச்சை நிறம், அவளைவிட வயதில் மூத்தது. அப்பா உயிரோடு இருந்தவரை அதைத் தானே துடைத்து, தானே ஓட்டினார். சாகும்போது அவள் பேருக்கு எழுதி வைத்தார். வெளிநாட்டில் குடியேறி கிளினிக் வைத்த பிறகும் அவளுக்கு அந்த வண்டி ஞாபகம் போகவில்லை. பழமைச் சான்றிதழ் வாங்கி, கஸ்டம்ஸில் மல்லுக்கட்டி, கன்டெய்னரில் ஏற்றி ஒரு வழியாக இங்கே கொண்டுவந்து இறக்கினாள். பதிவுக்கு முன் பரிசோதனை. முதல் தடவை விளக்கில்தான் குறை சொன்னார்கள். ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம், இங்கே இடது பக்கம். ஊர் வண்டியின் விளக்கு எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும், மாற்றிக்கொண்டு வா என்றார்கள். மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். இரண்டாம் தடவை போனபோது இன்ஸ்பெக்டர் நேராகத் தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். வண்டிக்கு அடையாளமாகக் குத்தியிருக்கும் சேஸிஸ் நம்பர் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று ராவப்பட்டிருந்தது.

"நம்பர் அழிச்ச வண்டின்னா திருட்டு வண்டி மாதிரிதான் சார் இங்க. பறிமுதல் பண்ணி நொறுக்கிடுவாங்க. எங்க அப்பா வண்டி சார்!"

"யார் மேல சந்தேகம்?"

"ரெண்டு பேர். ஒருத்தன் என் தம்பி. அப்பா போனப்புறம் வண்டியை அவன்தான் பார்த்துக்கிட்டான். தனக்குக் கிடைக்கலேன்னு பொருமல். வண்டி வந்து இறங்குறப்ப உதவிக்குன்னு வந்தவன் என் வீட்லதான் இருந்தான். இன்னொருத்தர் மெக்கானிக். வண்டியைப் பார்த்த நாள்லேர்ந்து எனக்கு வித்துடுன்னு நச்சரிச்சாரு. நாலு பேர் முன்னாடி நறுக்குன்னு கேட்டுட்டேன். அந்த வன்மம்."

"இப்ப ரெண்டு பேரும் எங்க?"

"தம்பியை வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டேன், லாட்ஜ்ல இருக்கான். மெக்கானிக்கைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப நம்ம ஆளுங்க யாரும் அவர் ஷெட் பக்கம் எட்டிப் பார்க்கறதில்லை."

சர்வேயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பேர்ல ஒருத்தர்னு சொல்றீங்க. தண்டனையை ரெண்டு பேருக்கும் கொடுத்துட்டீங்களே?"

"தப்புப் பண்ணாதவங்ககிட்ட அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கறேன் சார். தப்புப் பண்ணவங்க சும்மா இருக்கக் கூடாது. அவங்க வயிறெரியறதை நான் பார்க்கணும்."

மச்சினர் அத்தானைப் பார்த்தார். அத்தான் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். டாக்டரும் கூடக் கிளம்பினாள்.

பரிசோதனை நிலையம் ஊருக்கு வெளியே ஒரு நீண்ட தகரக் கொட்டகை. இன்ஸ்பெக்டர் அந்த நாட்டுக்காரர், குண்டு மனிதர், முகம் கொடுத்துப் பேசினார்.

"ஒருத்தர் போன் பண்ணிச் சொன்னதாலதான் பார்த்தேன். இல்லேன்னா விளக்கை மட்டும் பார்த்துட்டு அனுப்பியிருப்பேன்," என்றார்.

"ஆணா, பெண்ணா?"

"தெரியலை. தொண்டை கட்டின மாதிரி குரல். எங்க மொழி சரியா வரலை, மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. 'பச்சை வண்டி வருது. அதுக்கு நம்பர் கிடையாது. அவளோட சீட்டுக்கு அடியில பாருங்க' அவ்வளவுதான். வச்சுட்டாங்க."

"பார்த்தவுடனே கிடைச்சுதா?"

"அதான் இல்லை. 'அவ'ன்னா இந்த டாக்டர்தானே, அவங்கதானே ஓட்டிட்டு வராங்கன்னு வலது பக்கம் டிரைவர் சீட்டைத் தூக்கினேன். ஒண்ணுமில்லை. அப்புறம் இடது பக்கம் தூக்கினேன். ராவின இடம் அங்க இருந்தது."

சர்வேயர் தலையாட்டினார். "நம்பர் அழிச்சா வண்டி நொறுக்குக்குப் போகும்கிறது வெளியாட்களுக்குத் தெரியுமா?"

"இவங்களுக்குத் தெரியும். முதல் தடவை வந்தப்ப பக்கத்து வரிசையில அப்படி ஒரு வேன் மாட்டுச்சு. நான்தான் விளக்கிச் சொன்னேன், டாக்டர் உங்க மொழியில எடுத்துச் சொன்னாங்க. இவங்க, இவங்க தம்பி, அம்மா, மெக்கானிக் எல்லாரும் கேட்டுட்டுதான் நின்னாங்க."

வெளியே வந்ததும் மச்சினர் பொறுக்க மாட்டாமல் தொடையில் தட்டினார். "அத்தான், ஆள் கிடைச்சாச்சு! நான் தினமும் ஊர்லேர்ந்து வர்றவங்களுக்கு வண்டி கத்துக் கொடுக்கறேன். அவங்க உடம்புல வலது பக்கம்தான் டிரைவர் சீட். இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்தவனுக்கு? இடது பக்கம்! 'அவளோட சீட்டு'ன்னா டாக்டரம்மா ஓட்டுற சீட்டு. அதை இடது பக்கம்னு நினைச்சுப் பேசினவன் இங்க வளர்ந்தவன். அங்க நின்ன நாலு பேர்ல இங்க பிறந்தவர் மெக்கானிக் ஒருத்தர்தான்."

டாக்டரின் கண்கள் பளபளத்தன. "நினைச்சேன். அந்த ஷெட்டை இழுத்து மூட வைக்கலேன்னா பாருங்க."

"பொறுங்க," என்றார் சர்வேயர். "இங்க பிறந்தவருக்கு இந்த ஊர் மொழி ஏன் சரியா வரலை?"

"குரலை மாத்திப் பேசியிருப்பார் அத்தான்."

"இருக்கலாம்." அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். "இன்ஸ்பெக்டர் உங்ககிட்ட அன்னிக்கே இதைச் சொல்லியிருப்பாரே. போன்ல என்ன சொன்னாங்கன்னு உங்க தம்பிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். அதுவரைக்கும் நான் இல்லவே இல்லைன்னு வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சிட்டு இருந்தான். இதைச் சொன்னதும் வாயடைச்சுப் போயிட்டான். ஒரு வார்த்தை பேசலை. அம்மாகிட்ட மட்டும் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டான்."

"வண்டியைப் பார்க்கலாம் வாங்க," என்று சர்வேயர் நடந்தார்.

டாக்டரின் வீடும் கிளினிக்கும் ஒரே கட்டடம். முன்புறம் நோயாளிகள் உட்காரும் அறை, அடுத்து சிகிச்சை அறை, அதற்குப் பின்னால் பல் செட் செய்யும் சின்னப் பட்டறை. பட்டறையின் பக்கக் கதவைத் திறந்தால் கராஜ். ஓட்டக் கூடாதென்று சீல் வைத்த வண்டி அங்கே நின்றிருந்தது. நம்பருக்கு ஆதாரம் காட்ட இன்ஸ்பெக்டர் கொடுத்த கெடு முடியும்வரை அது அங்கேதான் நிற்க வேண்டும்.

சர்வேயர் நம்பரை உடனே பார்க்கவில்லை. முதலில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பிறகு பின்சீட்டில் ஒரு ஓரம், மறு ஓரம். கடைசியாக இடது முன்சீட்டில் சாய்ந்துகொண்டார்.

"சின்ன வயசுல இதுல யார் யார் எங்க உட்காருவீங்க?"

இந்தக் கேள்வி டாக்டருக்கு வேடிக்கையாக இருந்தது. "அப்பா ஓட்டுவார். நான், தம்பி, அம்மா மூணு பேரும் பின்னாடி."

"முன்னாடி காலியா?"

"இல்லையே. அப்பா ஆபீஸ்ல ஒரு ஆன்ட்டி. எங்க தெருவுலதான் இருந்தாங்க, எங்க போனாலும் எங்ககூடத்தான் வருவாங்க. பின்னாடி உட்கார்ந்தா அவங்களுக்கு வாந்தி வரும். ரொம்ப நல்லவங்க சார், எனக்குக் கதையெல்லாம் சொல்லுவாங்க." அவள் முகம் கொஞ்சம் இளகியது. "அம்மாவுக்கும் அந்தப் பழக்கம் போகலை பாருங்க. துறைமுகத்துலேர்ந்து வண்டியை எடுத்துட்டு வர்றப்ப முன்னாடி உட்காரும்மான்னு எவ்வளவோ சொன்னேன். பின்கதவைத் திறந்து உட்கார்ந்துட்டாங்க. நான் சம்பளத்துக்கு ஓட்டுற டிரைவர் மாதிரி ஓட்டிட்டு வந்தேன்."

மச்சினர் சிரித்தார். சர்வேயர் சிரிக்கவில்லை. இறங்கி, இடது விரிப்பைத் தூக்கி, டார்ச் அடித்துக் குனிந்தார். நம்பர் இருந்த இடத்தில் சின்னச் சின்ன வட்டச் சுழிகள், நகத்தைவிடச் சிறியவை. சுற்றியிருந்த பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. ஒரு வெள்ளைக் கைக்குட்டையால் ஓரமாகத் துடைத்தார். இரும்புத் தூளோடு ரோஸ் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

"கன்னத்துக்குப் பூசுற பவுடர் மாதிரி இருக்கே," என்றார் மச்சினர்.

"இதெல்லாமா துப்பு?" என்று டாக்டர் கைக்குட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் மனம் மெக்கானிக்கின் ஷெட்டில் இருந்தது.

"வண்டி ஷெட்டுலேர்ந்து வந்ததுக்கும் ரெண்டாவது பரிசோதனைக்கும் நடுவுல கராஜ்ல ஏதாவது வழக்கமில்லாத சத்தம் கேட்டுச்சா?"

"இல்லை சார். ராவினா வீடே அதிராதா? அதனாலதான் ஷெட்டுலயே பண்ணிட்டாங்கன்னு சொல்றேன்."

அப்போது பட்டறைக் கதவு திறந்தது. டாக்டரின் அம்மா நின்றிருந்தாள். ஊரில் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இங்கேயும் சும்மா உட்காரப் பிடிக்காமல் மகளின் நோயாளிகளுக்குச் செட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"காபி கொண்டு வரட்டுமா?" என்றாள்.

"உங்க பட்டறையைப் பார்க்கலாமா அம்மா?" என்றார் சர்வேயர். "எனக்கும் கீழ்வரிசையில ரெண்டு பல் கட்டணும்."

அவர் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். அம்மா ஒரு செட்டை விளக்கொளியில் பிடித்து, பேனா அளவுக் கருவியால் அதன் விளிம்பை ராவிக் காட்டினாள். கொசு பாடுவதுபோல் ஒரு சத்தம். திரும்பி வந்த சர்வேயர் டாக்டரிடம், "நாளைக்கு மதியம் எல்லாரையும் இங்க வரச் சொல்லுங்க. தம்பி, மெக்கானிக் ரெண்டு பேரும் கட்டாயம் வரணும்," என்றார்.

மறுநாள் மதியம் கராஜில் ஆறு பேர் நின்றார்கள். தம்பி தாடி வளர்ந்து, கசங்கின சட்டையோடு அம்மாவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றான். மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றார்.

"டாக்டரம்மா வரச் சொன்னாங்கன்னு வரலை. சர்வேயருக்காக வந்தேன்," என்றார் அவர். "உள்ளூர்ல நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட எங்கிட்ட வண்டி விடறதில்லை. பேரைக் கெடுத்தாச்சு. இன்னும் என்ன வேணும்?"

"இன்னும் நிறைய இருக்கு," என்றாள் டாக்டர்.

சர்வேயர் கை உயர்த்தினார். "முதல்ல இவரைப் பத்திப் பேசுவோம். இவர் ஷெட்டுல இருக்கிற ராவுற மெஷின் சாப்பாட்டுத் தட்டு அகலம். அதை வச்சா நம்பரோட தரையும் பிளந்திருக்கும். இது சின்னஞ்சிறு முனையால, பொறுமையா, கை நடுங்காமப் பண்ணின வேலை. அதோட, வண்டியைப் பிரிச்சு மேய்ஞ்ச ஆளு 'இடது சீட்டு'ன்னு சொல்லுவார். 'அவளோட சீட்டு'ன்னு ஏன் சொல்லணும்?"

"நான் சொன்ன காரணம்..." என்று மச்சினர் இழுத்தார்.

"நீ 'அவ'ன்னா டாக்டர்னு நினைச்சே. இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் நினைச்சார். 'அவ' வேற யாராவதுன்னா இடது வலது குழப்பமே இல்லை. இந்த வண்டியில இடது முன்சீட்டு எப்பவும் ஒரு பொம்பளையோடதா இருந்திருக்கு."

டாக்டர் நெற்றியைச் சுருக்கினாள். "ஆன்ட்டியா? அவங்க செத்தே ரொம்ப நாளாச்சே."

"இன்னொரு விஷயம். உங்க தம்பி கடைசிவரைக்கும் சண்டை போட்டார். இந்த வார்த்தையைக் கேட்டதும் நிறுத்திட்டார். குத்தம் பண்ணவர்னா அப்பத்தான் இன்னும் அதிகமாக் கத்தியிருப்பார். அந்த வார்த்தையை ஏற்கெனவே யார் வாயிலயோ கேட்டிருக்கார். பேசினா அவங்களைக் காட்டிக் கொடுக்கணும். அதனால பழியைத் தலையில போட்டுக்கிட்டு லாட்ஜுக்குப் போயிட்டார்."

தம்பி தரையைப் பார்த்தான். "சார், இதோட விட்டுடுங்க சார். நான்தான் பண்ணேன்னு வச்சுக்கோங்க."

சர்வேயர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நீங்களே சொல்லுங்க," என்றாள் அம்மா. அவள் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு எனக்கும் தெரியணும்."

யாரோ வேறு வீட்டுக் கதையைச் சொல்வதுபோல் சர்வேயரின் குரல் டாக்டருக்குக் கேட்டது.

"வழக்கமில்லாத சத்தம் கேட்கலைன்னு டாக்டர் சொன்னாங்க. வழக்கமான சத்தம் கேட்டிருக்கும். பல் செட் ராவுற சத்தம் இந்த வீட்ல நாள் முழுக்கக் கேட்கும், யாரும் காது கொடுக்கறதில்லை. அப்புறம் இந்த ரோஸ் தூள். செட்டுல பல்லைப் பதிக்கிற ஈறு இந்த நிறம்தான். பட்டறை மேசை பூரா இதே தூள். கருவியோட முனையில ஒட்டியிருந்தது வண்டிக்குள்ள உதிர்ந்திருக்கு. டாக்டர் கிளினிக்ல நோயாளி வாய்ல வேலை பார்த்துட்டு இருந்த நேரத்துல, பக்கக் கதவு வழியா கராஜுக்குப் போக ஒருத்தரால மட்டும்தான் முடியும்."

"அம்மா?" என்றாள் டாக்டர்.

"ஆமாம்டி."

"ஏம்மா?"

"வாந்தி வரும்னு சொன்னா. நம்பினியா? நீ சின்னப் பொண்ணு, நம்பினே. நானும் நம்புற மாதிரியே உட்கார்ந்திருந்தேன்." அம்மா வண்டியைப் பார்த்தபடி பேசினாள். "கோயில், கல்யாணம், கடற்கரை, எங்க போனாலும் அவ முன்னாடி, நான் பின்னாடி. தெருவே பார்க்கும். என் முழங்கால் உங்க அப்பா சீட்டு முதுகுல இடிக்கும். அவர் கை கியரை மாத்திட்டு எங்க போய் நிக்கும்னு பின்னாடி உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும். நீ அவ சொல்ற கதையைக் கேட்டுச் சிரிச்சிட்டு வருவே. இவன் ஒரு நாள் முன்னாடி உட்காரப் போனான். 'அது அவளோட சீட்டுடா, தொடாதே'ன்னு அடிச்சேன். அன்னிக்கே இவனுக்குப் புரிஞ்சுபோச்சு."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சண்டை போட்டிருக்கலாமேம்மா! எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"யார்கிட்ட சண்டை போடறது? அவ நிம்மதியாப் போய்ச் சேர்ந்தா. அவரும் போனாரு. கடைசி மூச்சுல என் கையைப் பிடிச்சாரே, ஏதோ சொல்லப் போறாருன்னு காதைக் கொண்டுபோனேன். 'வண்டியைப் பத்திரமாப் பார்த்துக்கோ'ன்னார்." அம்மா முதல் தடவையாகச் சிரித்தாள். "செத்தவங்களை நான் என்ன பண்ண முடியும்? வண்டி இருக்கில்ல. கப்பல் ஏத்தினப்ப முழுகட்டும்னு நினைச்சேன். முழுகலை. இங்க வந்து அந்த வேனை நொறுக்கப் போறாங்கன்னு இன்ஸ்பெக்டர் சொன்னார் பாரு, அப்பத்தான் வழி தெரிஞ்சுது. போன்ல பேசறதுக்கு நாலு நாள் மனப்பாடம் பண்ணேன். எல்லாம் சரியாச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் பழக்கத்துல வந்துடுச்சு."

மச்சினர் கண்ணைத் துடைத்துக்கொள்வதை மறைக்கக் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார்.

சர்வேயர் டாக்டர் பக்கம் திரும்பினார். "டாக்டர், நீங்க கேட்ட வேலையை முடிச்சுட்டேன். இன்னொண்ணும் சொல்லணும், இல்லேன்னா என் வேலை அரைகுறை. இந்தக் கம்பெனி நம்பரை ரெண்டு இடத்துல குத்துவாங்க. ரேடியேட்டருக்குப் பின்னாடி குறுக்குச் சட்டத்துல, பெயிண்டுக்கு அடியில இன்னொண்ணு இருக்கு. தடவிப் பார்த்தேன். அதை இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டினா வண்டி உங்களுக்குக் கிடைச்சுடும். அம்மா பேரு வெளியே வர வேண்டிய அவசியமில்லை."

அம்மா தலையை நிமிர்த்தினாள். "இன்னொண்ணு இருக்கா?" என்றாள். "தெரிஞ்சிருந்தா அதையும் ராவியிருப்பேன்."

டாக்டர் மெக்கானிக்கிடம் போனாள். இரண்டு நாளாக மனத்தில் தயார் செய்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "என்னை மன்னிச்சுடுங்க. யார்கிட்டல்லாம் தப்பாச் சொன்னேனோ, ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு நானே திருத்திச் சொல்றேன்."

"சொல்லுங்க," என்றார் மெக்கானிக். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்துவிட்டு, "இந்த வண்டியை நான் இனிமே கேட்க மாட்டேம்மா," என்று சொல்லிப் போனார்.

தம்பியிடம் பேச அவளுக்கு அன்று இரவு முழுக்கத் தேவைப்பட்டது.

கெடு முடிந்த அன்று இன்ஸ்பெக்டர் தன் மேசையில் இருந்து எழுந்து வந்தார். அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருந்தது. "நல்லா யோசிங்க. சில வண்டிகள்ல வேற இடத்துலயும் நம்பர் இருக்கும். உங்க வண்டியில எங்கயாவது இருக்கா?"

டாக்டரின் கண்முன் அப்பா வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பனியனோடு பானெட்டைத் துடைக்கும் அப்பா. துடைத்து முடித்ததும் அவளைத் தூக்கி அதன் மேல் உட்கார வைப்பார். அந்த அப்பா பொய்யில்லை. பின்சீட்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த ஒருத்தியும் பொய்யில்லை. முன்சீட்டில் இருந்தவள் சொன்ன கதைகளுக்குச் சின்ன வயதில் தான் சிரித்த சிரிப்பு இப்போது அவள் காதில் கேட்டது. அது அவளைச் சுட்டது.

"இல்லை," என்றாள். "வேற எங்கயும் இல்லை."

நொறுக்கும் முற்றம் இரும்புத் துரு வாசனை அடிக்கும் பெரிய மைதானம். அம்மா தானே வருவேன் என்று பிடிவாதமாக வந்து வேலியோரம் முன்னால் போய் நின்றாள். மெஷின்காரன் வந்து, ஞாபகத்துக்கு ஏதாவது கழற்றித் தரவா, முன்னால் இருக்கிற கம்பெனிச் சின்னத்தையாவது வைத்துக்கொள்கிறீர்களா என்று அவன் மொழியில் கேட்டான். டாக்டர் அதை எடுத்துச் சொன்னதும் தம்பி அம்மாவைப் பார்த்தான்.

"ஒரு ஆணிகூட வேண்டாம்னு சொல்லு," என்றாள் அம்மா.

இரும்புத் தட்டு மெல்ல இறங்கியது. கண்ணாடிகள் முதலில் போயின. கூரை மடங்கியது. பச்சை நிறம் அங்கங்கே வெடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. டாக்டரால் தன்னை அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். அம்மா திட்டுவாள் என்று நினைத்தாள். அம்மா அவள் தோளை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

"அழுதுக்கோடி. உனக்கு அவர் நல்ல அப்பாதான். அதுல நான் கை வைக்கலை."

ஆனால் அவள் கண் மெஷினை விட்டு விலகவில்லை. ஒரு இமைகூடத் தட்டவில்லை. தட்டு மேலே எழும்பியபோது வண்டி இருந்த இடத்தில் ஒரு பெட்டியளவு தகரம் கிடந்தது. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று சொல்ல முடியாது. மெஷின்காரன் கையுறையைக் கழற்றினான்.

"இன்னொரு தடவை அமுக்கச் சொல்லு," என்றாள் அம்மா.

"அம்மா, இதுக்கு மேல ஒண்ணும் ஆகாதும்மா," என்றான் தம்பி.

"பரவாயில்லை. இன்னொரு தடவை."

டாக்டர் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டி, மெஷின்காரனைக் கூப்பிட்டு, அம்மா சொன்னதை அவன் மொழியில், ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.